கதவு, திராட்சைச் செடி, ஆட்டுக்குட்டி

1546ஆம் ஆண்டு ஜூலை 16. லண்டன் ஸ்மித்ஃபீல்டு திடலுக்கு ஆன் ஆஸ்க்யூ என்ற பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி வந்தார்கள். லண்டன் கோபுரச் சிறையில், கைகால்களைக் கட்டி இரு பக்கமும் இழுக்கும் சித்திரவதைப் பொறியில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். அதற்குப் பிறகு அவரால் நடக்க முடியவில்லை. வயது 25ஐ ஒட்டித்தான் இருக்கும். கம்பத்தில் கட்டி, சுற்றிலும் விறகு அடுக்கி, உயிரோடு எரித்தார்கள். திருவிருந்தில் குருவானவர் எடுத்துக் கொடுக்கும் அப்பம் அப்பமாகவே இருக்கிறது, கிறிஸ்துவின் சதையாக மாறிவிடுவதில்லை என்று சொன்னதுதான் அவர் செய்த குற்றம்.

விசாரணையில் அவர் வைத்த வாதத்தைப் பள்ளி இலக்கண வகுப்பிலேயே விளக்கிவிடலாம். வேதம் கிறிஸ்துவைக் கதவு என்கிறது, திராட்சைச் செடி என்கிறது, ஆட்டுக்குட்டி என்கிறது, கல் என்கிறது. அடையாளமாகச் சொன்ன பொருளையே கிறிஸ்து என்று பிடித்துக்கொண்டால் அவரை நிஜக் கதவாகவும் நிஜச் செடியாகவும் ஆக்கிவிடுவோம். பரிசுத்த ஆவி சொல்ல வந்தது அதுவல்ல என்றார் ஆஸ்க்யூ. அப்பத்தைக் காட்டி அது தன் உடல் என்று கிறிஸ்து சொன்னதும் அதே வகைப் பேச்சு என்பது அவர் கட்சி. எட்டாம் ஹென்றி காலத்தில், 1539இல் வந்த ஆறு விதிகள் சட்டப்படி, அப்பம் சதையாவதை மறுப்பவருக்கு நெருப்புதான் தண்டனை. அந்தச் சட்டத்துக்கும் முன்பே, 1533 ஜூலையில், ஜான் ஃப்ரித் என்ற இளம் அறிஞர் இதே திடலில் எரிந்தார். அவர் கேட்டது இன்னும் குறைவு. அப்பம் உடலாக மாறுகிறது என்று நம்புகிறவர் நம்பட்டும், அதை எல்லோருக்கும் கட்டாய விசுவாசமாக்காதீர்கள் என்றார்.

ஒரு வாக்கியம் நேர்ப்பொருளில் நிற்கிறதா, அணியாக நிற்கிறதா என்பதற்காக மனிதர்கள் உயிரை விட்டார்கள் என்பது இன்று வினோதமாகப் படலாம். ஆனால் அதற்குள் மதத்தின் அடிப்படைக் கேள்வி ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கடவுளைப் பற்றி மனிதர் பேசுவதெல்லாம் அணிதானா? அணி என்றால் அது உண்மையைச் சொல்கிறதா, பேச்சுக்குப் பூச்சூட்டுகிறதா? இங்கிலாந்தில் ஐந்நூறு ஆண்டுகளாக இந்த விவாதம் நடந்துவருகிறது. ஆங்கிலத்தின் அணிகள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.

ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் ஒரு பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள்: சிமிலி, மெட்டஃபர், பெர்சானிஃபிகேஷன், ஹைப்பர்போலி, மெட்டானிமி, ஐரனி, அலிகரி. நம் இலக்கணத்தின் உவமை, உருவகம், உயர்வு நவிற்சி, ஆகுபெயர் ஆகியவற்றுக்கு இவற்றில் பல மிக நெருக்கம். ‘போல’ என்று சொல்லி எச்சரித்துவிட்டு ஒப்பிடுவது சிமிலி. அந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டு, இதுவே அது என்று அடித்துச் சொல்வது மெட்டஃபர். அரசரைச் சொல்ல வேண்டிய இடத்தில் கிரீடத்தைச் சொல்வது மெட்டானிமி. ஹைப்பர்போலி அளவை மீறுகிறது. ஐரனி சொல்லின் எதிர்ப்பக்கத்தைக் குறிவைக்கிறது. அலிகரி ஓர் உருவகத்தை முழுக்கதையாக நீட்டுகிறது. தேர்வுத்தாளில் இவற்றை அடையாளம் கண்டால் மதிப்பெண் கிடைக்கும். கோயிலில் அதே அடையாளம் ஒரு கோட்பாடாக மாறுகிறது. அது தன் உடல் என்ற பேச்சு மெட்டஃபரா, மெட்டானிமியா, இரண்டும் இல்லாத நேர்க்கூற்றா என்பதில்தான் திருச்சபைகள் பிரிந்தன.

இந்தத் தொடர்பை அந்தக் காலத்தவர் நன்றாக அறிந்திருந்தார்கள். 1577இல் வெளிவந்த ‘சொல்வன்மைத் தோட்டம்’ என்ற ஆங்கில அணி நூலை எழுதிய ஹென்றி பீச்சம் ஒரு மதகுரு. தன் அணிகளுக்கான எடுத்துக்காட்டுகளில் பெரும்பங்கை அவர் வேதத்திலிருந்தே பொறுக்கினார். 1589இல் ஜார்ஜ் பட்டன்ஹாம் கிரேக்கப் பெயர்களுக்கு மாற்றாகச் சாதாரண ஆங்கிலப் பெயர்களைச் சூட்டிப் பார்த்தார். ஹைப்பர்போலிக்கு அவர் வைத்த பெயர்களில் ஒன்று, உரத்த குரலில் பொய் சொல்பவன். அணியை ரசித்து ஒரு நூலே எழுதியவருக்கும் அதன் மேல் ஒரு சந்தேகம் இருந்தது.

ஆஸ்க்யூவை எரித்தவர்கள் தரப்பையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். அணி என்று ஒத்துக்கொண்டால் திருவிருந்து வெறும் நினைவுச் சாப்பாடாகிவிடும் என்ற அச்சம் அவர்களுடையது. அந்த அச்சம் கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதும் அல்ல. 1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் சீர்திருத்தத் தலைவர்கள் கூடியபோது, மார்ட்டின் லூத்தர் அது தன் உடல் என்ற வாக்கியத்தை லத்தீனில் மேசைமேல் சாக்கட்டியால் எழுதிவைத்தார். ‘குறிக்கிறது’ என்றுதான் அதற்குப் பொருள் என்று சுவிஸ் நாட்டு ஸ்விங்லி வாதாட, லூத்தர் எழுதிய எழுத்தைக் காட்டி அசைய மறுத்தார். 15 விஷயங்களில் 14இல் ஒத்துப்போனவர்கள் இந்த ஒன்றில் பிரிந்தார்கள்.

இங்கிலாந்து திருச்சபை இதைக் கையாண்ட விதம் கூர்ந்து பார்க்கத் தக்கது. ஆர்ச்பிஷப் தாமஸ் க்ரான்மர் தொகுத்த 1549ஆம் ஆண்டு பொது வழிபாட்டு நூலில், அப்பத்தைக் கையில் கொடுக்கும்போது குருவானவர் சொல்லும் வாசகம் கிறிஸ்துவின் உடலைப் பற்றியது. அந்த உடல் உன்னை நித்திய வாழ்வுக்குக் காக்கட்டும் என்பது அதன் கருத்து. மூன்றே ஆண்டுகளில், 1552 பதிப்பில், அது போய்விட்டது. கிறிஸ்து உனக்காக இறந்ததை நினைத்து இதை வாங்கி உண், நெஞ்சில் விசுவாசத்தால் அவரை உண் என்ற கருத்தில் வேறு வாசகம் வந்தது. அடுத்து மேரி அரசி கத்தோலிக்க வழிபாட்டைத் திரும்பக் கொண்டுவந்தார். 1556 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டில் க்ரான்மரே நெருப்புக்குப் போனார். 1559இல், எலிசபெத் அரசியின் ஆட்சியில், புதுப் பதிப்பு வந்தபோது இரண்டு வாசகங்களையும் அப்படியே அடுத்தடுத்து ஒட்டிவிட்டார்கள். மண்டியிட்டு அப்பம் வாங்குகிறவர் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பார். ஒன்றை நேர்ப்பொருளுக்கு அருகிலும் மற்றொன்றை அணிக்கு அருகிலும் வைத்துக்கொண்டு, எது எவ்வளவு என்று அவரே முடிவுசெய்துகொள்ளலாம்.

அரசியல் சமரசம் என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் மத மொழியைப் பற்றிய ஓர் உண்மையும் இதில் இருக்கிறது. ஒரே வாக்கியம் தாங்க முடியாத பொருளை இரண்டு வாக்கியங்கள் சேர்ந்து தாங்கலாம்.

அதே திருச்சபையின் 39 விதிகளில் முதல் விதி, கடவுளுக்கு உடலும் உறுப்பும் உணர்ச்சி வேகமும் கிடையாது என்கிறது. ஆனால் அந்த விதியை ஏற்றுக் கையெழுத்திட்ட குருமார் காலையிலும் மாலையிலும் வாசித்த சங்கீதங்களில் கடவுளுக்குக் கை இருக்கிறது, கண் இருக்கிறது, மூக்கில் புகை இருக்கிறது, கோபம் இருக்கிறது. 78ஆம் சங்கீதத்தில் அவர், திராட்சரசம் குடித்த வீரன் போல, தூக்கம் கலைந்து எழுந்து வருகிறார். ஓசியா தீர்க்கதரிசி இன்னும் துணிச்சல்காரர். கடவுள் தன்னைத் துணி அரிக்கும் பூச்சிக்கும், குட்டியைப் பறிகொடுத்த கரடிக்கும், பனிக்கும் ஒப்பிட்டுக்கொள்வதாக அவர் எழுதுகிறார்.

பூச்சியையும் கரடியையும் கண்டு பக்தர் முகம் சுளிக்கத் தேவையில்லை என்று 13ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்வினாஸ் விளக்கியிருந்தார். ‘சும்மா தியோலஜியே’ நூலின் தொடக்கத்தில், வேதம் அணிகளைப் பயன்படுத்தலாமா என்றே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறார். கடவுளுக்கு உயர்ந்த பொருள்களைவிடத் தாழ்ந்த பொருள்களை ஒப்பிடுவதே பாதுகாப்பானது என்பது அவர் கருத்து. ஒளி, அரசர், சிங்காசனம் போன்றவற்றைச் சொன்னால் கேட்பவர் அவற்றையே கடவுள் என்று நம்பிவிடக்கூடும். பூச்சி என்று சொன்னால் யாருக்கும் அந்த ஏமாற்றம் நேராது. ஒப்புமை எங்கே முடிகிறது என்பதைத் தாழ்ந்த உவமை தன் முகத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. உருவகங்களை நினைத்து இன்று கவலைப்படுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய பக்கம் இது. ஆபத்து எப்போதும் கண்ணியமான உருவகத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் காற்று திசைமாறியது. உள்நாட்டுப் போரில் இங்கிலாந்து ரத்தம் சிந்தியபின், அணிகளே கலகத்தின் வேர் என்று சிலர் எண்ணத் தொடங்கினார்கள். தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ் 1651இல் சொல்லைக் கெடுக்கும் வழிகளில் ஒன்றாக உருவகத்தைச் சேர்த்தார். ராயல் சொசைட்டியின் வரலாற்றை 1667இல் எழுதிய தாமஸ் ஸ்ப்ராட், விஞ்ஞானிகள் அலங்காரத்தை விட்டுக் கைவினைஞரும் நாட்டுப்புறத்தாரும் வணிகரும் பேசும் மொழிக்குத் திரும்ப வேண்டும் என்றார். சாமுவேல் பார்க்கர் என்ற மதகுரு இன்னும் ஒரு படி மேலே போனார்: பிரசங்கிகள் கொழுத்த உருவகங்களைப் பயன்படுத்துவதைத் தடுக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டால் நாட்டின் நோய் தீரும் என்று எழுதினார். பிற்காலத்தில் ஸ்ப்ராட், பார்க்கர் இருவருமே பிஷப் ஆனார்கள். 1690ஆம் ஆண்டிட்ட தன் பெரிய நூலில் தத்துவஞானி ஜான் லாக், அறிவூட்டுவதற்கான எழுத்தில் அணிகள் முழு ஏமாற்று என்று தீர்ப்பளித்தார்.

இவர்கள் யாரும் அணி இல்லாமல் எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஹாப்ஸ் உருவகங்களைச் சதுப்பு நிலத்துக் கொள்ளிவாய்ப் பிசாசுக்கு ஒப்பிட்டார். தன் நூலுக்கே யோபு ஆகமத்தின் கடல் மிருகமான லெவியதானின் பெயரை வைத்தார். மனிதமனத்தை எழுதாத வெள்ளைத் தாள் என்ற லாக், சொல்லலங்காரத்தைக் கண்டிக்கும் பத்தியிலேயே அதை அழகிய பெண்களுக்கு ஒப்பிட்டார். இதை அவர்களின் முரண்பாடு என்று கேலி செய்வதில் பயன் இல்லை. மனம், நினைவு, காலம், அதிகாரம் போன்ற கைக்கு அகப்படாத விஷயங்களைப் பற்றிப் பேச வாயெடுத்த எவரும் கைக்கு அகப்படும் ஒன்றைக் கடன்வாங்கியே ஆகவேண்டும். கடவுளைப் பற்றிப் பேசுகிறவரின் நிலை மனதைப் பற்றிப் பேசுகிற லாக்கின் நிலையிலிருந்து அத்தனை தூரம் இல்லை.

லாக்குக்குச் சில ஆண்டுகள் முன்பே இதற்குப் பதில் சொல்லிவிட்டவர் ஒரு பாத்திரம் பழுதுபார்ப்பவர். பெட்ஃபோர்டுக்கு அருகில் 1628இல் பிறந்த ஜான் பன்யன், அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காக 1660 முதல் 1672 வரை சிறையில் இருந்தார். 1678இல் வெளிவந்த அவருடைய ‘பயணியின் முன்னேற்றம்’ ஆங்கில அலிகரியின் சிகரம். உருவகத்தில் எழுதுவது தெளிவைக் கெடுக்கும் என்ற குற்றச்சாட்டை எதிர்பார்த்து, நூலின் முன்னுரையைப் பாட்டாகவே எழுதி, தீர்க்கதரிசிகளும் கிறிஸ்துவும் அப்படித்தானே பேசினார்கள் என்று வாதாடினார். தலைப்புப் பக்கத்தில், உவமைகளால் பேசினேன் என்னும் கருத்துள்ள ஓசியா வசனத்தைப் பொறித்தார்.

கதையில் ஒரு கட்டம். கிறிஸ்டியன் என்ற பயணியும் அவன் தோழன் ஹோப்ஃபுல்லும் வழிதவறிச் சந்தேகக் கோட்டையின் எல்லைக்குள் தூங்கிவிடுகிறார்கள். கோட்டைக்குச் சொந்தக்காரன் அவநம்பிக்கை என்ற அரக்கன். அவர்களை இருட்டறையில் தள்ளி, சோறு தண்ணீர் கொடுக்காமல், தடியால் அடிக்கிறான். பிறகு, இந்த வாழ்க்கையில் இனி என்ன இருக்கிறது, கத்தியோ கயிறோ விஷமோ எடுத்து முடித்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொல்கிறான். கடைசியில், வாக்குறுதி என்று பெயர்கொண்ட ஒரு சாவி இத்தனை நாளும் தன் மார்பிலேயே இருந்தது கிறிஸ்டியனுக்கு நினைவு வருகிறது. மன அழுத்தத்தில் விழுந்து எழுந்தவர்களுக்கு இந்தக் கட்டத்தில் எதுவும் மிகையாகத் தெரியாது. தன்னைக் கொன்றுகொள் என்ற எண்ணம் வெளியிலிருந்து யாரோ சொல்லும் யோசனையாக, நியாயமான குரலில் வருவதைப் பன்யன் அறிந்திருந்தார். 1666இல் வெளியிட்ட தன்வரலாற்றில் தன் இருண்ட ஆண்டுகளை நேர்ப்பேச்சிலேயே சொல்லியிருக்கிறார். அதே அனுபவத்தை அரக்கனாக்கியபோது அதன் துல்லியம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அந்தக் கதை நெல்லைச் சீமைக்கும் வந்தது. வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை அதைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியத்தை 1894இல் வெளியிட்டார். பன்யனின் உரைநடை அவர் கையில் கம்பன் வழிப்பட்ட விருத்தமாயிற்று. நடுவே தேவாரம் என்ற பெயரிலேயே பக்திப் பாடல்களையும் சேர்த்தார். ஒரு பிரசங்கக் கருத்தை மட்டும் எழுதியிருந்தால் அது இப்படி நாடும் மொழியும் யாப்பும் தாண்டி வந்திருக்குமா என்பது சந்தேகம்.

அணியை இப்படி ஆதரிக்கும்போது ஓர் எதிர்க்கேள்வியிலிருந்து தப்ப முடியாது. பிடிக்காத கட்டளையை அணி என்று சொல்லி நழுவிவிடலாமே? மலைப்பிரசங்கத்தில், கண் இடறலானால் பிடுங்கிப் போடச் சொல்லும் இடத்தைக் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் உயர்வு நவிற்சி என்றே படிக்கிறார்கள். அதே அதிகாரத்தில், சில வசனங்கள் தள்ளி, சத்தியமே பண்ணக்கூடாது என்ற கட்டளை வருகிறது. அதையும் அளவுமீறிச் சொன்னதாக எடுத்துக்கொண்டு நீதிமன்றத்தில் வேதத்தைத் தொட்டுச் சத்தியம் செய்வதே வழக்கமாக இருந்தது. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மறுத்தார்கள். கண்ணைப் பிடுங்காத அவர்கள் இந்த இடத்தில் சொன்னதைச் சொன்னபடியே செய்தார்கள். 1662இல் அவர்களைக் குறிவைத்தே ஒரு சட்டம் வந்தது. 1664இல் லங்காஸ்டர் நீதிமன்றத்தில் அரசருக்கு விசுவாசச் சத்தியம் செய்ய மறுத்த மார்கரெட் ஃபெல், 1668 வரை சிறையில் இருந்தார். சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி சொன்னால் போதும் என்ற சட்டம் 1696இல்தான் வந்தது. இன்று ஆங்கில நீதிமன்றங்களில் சத்தியம் செய்ய விரும்பாதவர் உறுதிமொழி கொடுத்துச் சாட்சி சொல்ல முடிகிறது என்றால், ஒரு வாக்கியத்தை அணியாகப் படிக்க மறுத்தவர்களின் சிறைவாசமும் அதற்கு ஒரு காரணம்.

இதற்கு நேரெதிரான உதாரணம் ஊசிக்காதில் ஒட்டகம். பணக்காரர் பரலோகம் புகுவதைவிட அது எளிது என்ற பேச்சு பச்சை உயர்வு நவிற்சி. முடியவே முடியாது என்பதைக் காட்டும் சித்திரம். எருசலேமில் ஊசிக்காது என்று ஒரு சின்ன வாசல் இருந்தது, சுமையை இறக்கி மண்டியிட்டால் ஒட்டகம் நுழைந்துவிடும் என்று பல பிரசங்கிகள் சொல்லிவருகிறார்கள். அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. உயர்வு நவிற்சியை நேர்ப்பொருளாக மாற்றியதில் பணக்காரருக்கு வழி கிடைத்தது. ஆக, அணியாகப் படிப்பதும் நழுவலாகலாம், நேராகப் படிப்பதும் நழுவலாகலாம். எது தனக்கு வசதி என்று பார்த்துப் படிக்கிறாரா, எது தன்னைக் கேள்வி கேட்கிறது என்று பார்த்துப் படிக்கிறாரா என்பதில்தான் வாசகரின் நேர்மை தெரிகிறது.

இந்த விவாதத்தின் தத்துவ உச்சம் 18ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் நிகழ்ந்தது. டப்ளின் ஆர்ச்பிஷப் வில்லியம் கிங் 1709இல் ஒரு பிரசங்கத்தில், கடவுளுக்குக் கை என்பது எப்படி ஒப்புமையோ அப்படியே கடவுளுக்கு முன்னறிவு, ஞானம் என்பதும் ஒப்புமைதான் என்றார். நிலப்படம் காகிதமும் கோடுகளும்தான், ஆனாலும் நாட்டைப் பற்றிப் பயனுள்ளதைச் சொல்கிறது. கடவுளைப் பற்றிய நம் சொற்களும் அப்படியே என்பது அவர் விளக்கம். மறு ஆண்டே சுதந்திரச் சிந்தனையாளர் ஆன்டனி காலின்ஸ் பாய்ந்தார். ஞானம், நன்மை என்ற சொற்களுக்குக் கடவுளிடம் நாமறிந்த பொருள் இல்லையென்றால், எதை நம்பச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

இந்தக் கேள்வியின் கூர்மையை முழுதாக உணர்ந்தவர் பிற்காலத்தில் பிஷப்பான தத்துவஞானி ஜார்ஜ் பார்க்லி. 1732இல் வெளியான ‘அல்சிஃப்ரன்’ உரையாடலில் அவர் படைத்த நாத்திகப் பாத்திரம் ஒன்று, இந்த மாதிரிக் கடவுள் இருப்பதில் தனக்கு ஆட்சேபமே இல்லை என்று மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்கிறது. எந்தக் குணமும் தெரியாத ஒன்றிலிருந்து மனச்சாட்சியையோ வழிபாட்டையோ பெற முடியாது என்பதால், அப்படிப்பட்ட கடவுளால் யாருக்கும் தொந்தரவும் இல்லை. பார்க்லியின் விடை ஒரு பகுப்பு. கடவுளின் விரல், கடவுளின் கோபம் என்பவை உருவக ஒப்புமைகள். கடவுளின் அறிவு என்பது முறையான ஒப்புமை. மனிதரிடம் குறையுள்ளதாக இருக்கும் அதே பண்பு, அங்கே குறையின்றி இருக்கிறது. முதலாவது மாறலாம், இரண்டாவது போனால் விசுவாசமே போய்விடும்.

கோடு எங்கே விழுகிறது என்பதில் பார்க்லியோடு வாதாடலாம். அறிவைவிடக் கோபமே கடவுளைப் பற்றி அதிகம் சொல்கிறது என்று ஓசியா சொல்லக்கூடும். ஆனால் ஒரு கோடு வேண்டும் என்பதில் பார்க்லி சொன்னதே சரி. எல்லாம் அணி என்று கைகழுவினால் ஒன்றும் மிஞ்சாது. எல்லாம் நேர்ப்பொருள் என்றால் வானத்தில் ஒரு கிழவர்தான் மிஞ்சுவார்.

அந்த வானத்துக் கிழவரை விரட்டும் முயற்சி 1963 மார்ச்சில் பெரும் பரபரப்பானது. உல்விச் நகர பிஷப் ஜான் ராபின்சன் எழுதிய ‘கடவுளிடம் நேர்மை’ என்ற சிறு நூல் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. நூல் வருவதற்குச் சில நாள் முன்பு, கடவுளைப் பற்றிய நம் சித்திரம் போயாக வேண்டும் என்ற தலைப்பில் ‘அப்சர்வர்’ ஏடு அவருடைய கட்டுரையை வெளியிட்டது. மேலே இருப்பவர் என்ற சித்திரத்தை விட்டு, இருப்பின் அடித்தளம் என்று பேச வேண்டும் என்பது இறையியலாளர் பால் டில்லிக்கிடமிருந்து ராபின்சன் எடுத்துக்கொண்ட வழி. மேலே என்பது உருவகம் என்றால் அடியில் என்பதும் உருவகம்தானே. ஓர் உருவகத்தின் இடத்தில் இன்னோர் உருவகம் வந்தது, அவ்வளவே.

சி.எஸ். லூயிஸ் ‘அற்புதங்கள்’ என்ற 1947ஆம் ஆண்டு நூலில் சொல்லும் ஒரு பெண்ணின் கதை இங்கே பொருந்தும். உயர்சிந்தனை கொண்ட பெற்றோர் அவளுக்குக் கடவுளைத் தகப்பன் என்றோ அரசர் என்றோ கற்பிக்கவில்லை. பூரணமான ஒரு பரம்பொருள் என்று மட்டும் சொல்லி வளர்த்தார்கள். பின்னாளில்தான் அவளுக்குப் புரிந்தது, இத்தனை காலமும் கடவுளைப் பரந்து கிடக்கும் ஜவ்வரிசிக் கூழாக மனதில் வைத்திருந்தோம் என்று. போதாக்குறைக்கு அவளுக்கு ஜவ்வரிசி பிடிக்காது. உருவகத்தை வாசலில் நிறுத்தினால், அது பெயர் சொல்லாமல் கொல்லைப்புறமாக வந்துவிடுகிறது. பெயர் சொல்லி வரும் உருவகத்தையாவது விசாரிக்க முடியும்.

விசாரிக்க வேண்டிய உருவகங்களில் இன்று முதலில் நிற்பது தகப்பன். 2023 ஜூலையில், யார்க் நகரில் கூடிய இங்கிலாந்து திருச்சபையின் பொதுப்பேரவையில் ஆர்ச்பிஷப் ஸ்டீஃபன் காட்ரெல், இயேசு கற்பித்த ஜெபத்தின் தொடக்கத்தைத் தொட்டுப் பேசினார். அழிவு செய்யும், கொடுமை செய்யும் தகப்பனிடம் வளர்ந்தவர்களுக்கும், ஆணாதிக்கத்தின் கீழ் நசுங்கியவர்களுக்கும் அந்தச் சொல் சிக்கலானது என்றார். எதிர்ப்பு உடனே கிளம்பியது. அரை நூற்றாண்டு முன்பே, 1973இல், அமெரிக்கச் சிந்தனையாளர் மேரி டேலி இதைவிடக் கடுமையாகச் சொல்லியிருந்தார்: கடவுள் ஆண் என்று வைத்தால், ஆண் தன்னைக் கடவுளாக வைத்துக்கொள்வான்.

அந்தக் குற்றச்சாட்டை அலட்சியம் செய்ய முடியாது. அக்வினாஸ் எச்சரித்த கண்ணியமான உருவகம் இதுவே. பூச்சியாக இருந்திருந்தால் யாரும் அதை வைத்து வீட்டில் அதிகாரம் செலுத்தியிருக்க மாட்டார்கள். தகப்பன் என்பது மேலேயிருந்து கீழே இறங்கி, அடிக்கும் கைக்கு அனுமதிச் சீட்டாகிவிட்ட வீடுகள் உண்டு. உருவகம் என்று தெரிந்தவர்களாவது, இந்த ஒப்புமை எதுவரை செல்லும் என்று கேட்கும் கடமையிலிருந்து தப்பக்கூடாது.

ஆனால் நீக்குவது மருந்தாகாது. ஓசியாவின் 11ஆம் அதிகாரத்தில் வரும் பெற்றவர், குழந்தைக்கு நடை பழக்குகிறார், கையில் தூக்குகிறார், குனிந்து உணவூட்டுகிறார். தகப்பன் என்ற சொல்லுக்குள் இதுவும் இருக்கிறது என்று கேட்ட வீட்டில், அடிக்கும் தகப்பன் அந்தச் சொல்லுக்கு உரிமை கொண்டாட முடியாது. அதுவே அவன்மேல் தீர்ப்பாகிவிடும். கூடவே, அந்தச் சொல் தனியாகவும் இல்லை. ஏசாயா கடவுளைப் பிரசவ வேதனைப்படும் பெண்ணுக்கும் பிள்ளையைத் தேற்றும் தாய்க்கும் ஒப்பிடுகிறார். இயேசு தன்னைக் குஞ்சுகளைச் சிறகடியில் சேர்க்கும் கோழியோடு ஒப்பிட்டுக்கொண்டார். நாரிச் நகர ஜூலியன், ஆங்கிலத்தில் நூல் எழுதியதாக நமக்குத் தெரிந்த முதல் பெண், 1373 மே மாதத்தில் கண்ட காட்சிகளை விளக்கும்போது கிறிஸ்துவைத் தயக்கமில்லாமல் தாய் என்றே அழைத்தார்.

இவை எதுவும் புதிய இறையியல் இல்லை. பலிபீடத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்திருக்கும் வேதத்திலும், ஆங்கிலத்தின் பழைய பக்தி நூலிலும் இருப்பவை. தகப்பன் என்று சொல்ல நாக்கு வராத ஒருவர் வாரந்தோறும் ஆராதனைக்கு வருகிறார் என்றால், அவருக்காகச் செய்யக்கூடியது உடனே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஜெபத்தைத் திருத்தும் விவாதம் பேரவையில் நடக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக்கு ஏசாயாவின் 66ஆம் அதிகாரத்தைத் தேர்ந்தெடுக்கவும், பிரசங்கத்தில் ஜூலியனைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தவும், ஓசியாவின் நடைபழக்கும் கைகளைக் காட்டிவிட்டுப் பிறகு அந்த ஜெபத்தைத் தொடங்கவும் எந்தப் பேரவையின் அனுமதியும் தேவையில்லை.